பிள்ளை: குடும்பப் பெயரா, பட்டமா, பெயரின் பாதியா?

கொட்டாஞ்சேனை13:

கொழும்பில் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் பிள்ளை, பிள்ளே, புள்ளே, பில்லை என்று எத்தனை வடிவம்! சிங்களத்தில் எழுதிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. இவை எல்லாம் ஒரே பெயர்தானா? இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன பொருள், எந்த ஊர்களில் அதிகம்? வெளிநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் பிள்ளையைத் தனியாக எழுதலாமா? ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர்கள் எழுதுங்கள்.

தோம்புவாசகர்:

நாலும் ஒரே சொல்தான், ஆனால் நாலும் ஒரே பெயர் என்று எடுத்துக்கொண்டால் வம்சாவளி தேடுபவர் வழி தவறிப் போவார். சொல்லின் கதையை முதலில் பார்ப்போம்.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லுகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என்று போகும் அந்த வரிசையில் பிள்ளையும் ஒன்று. கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை எல்லாம் அந்த வழியில் வந்தவை. பிறகு 'மகன்' என்ற பொருள் மேலெழுந்தது. சோழர் காலத்தில் அரச குமாரர்களைப் பிள்ளையார் என்பது வழக்கம். திருஞானசம்பந்தர் 'ஆளுடைய பிள்ளையார்'. 13ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்தில் நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, அவர் மகன் பிள்ளை லோகாசாரியர் என்று வைணவ ஆசாரியர் வரிசையே பிள்ளைகள்தான். பிள்ளை லோகாசாரியர் பிராமணர். ஆகவே அந்தக் காலத்தில் அது சாதியைக் காட்டவில்லை. அரசனின் மகன், இறைவனின் மகன், குருவின் மகன் என்ற அன்பும் மதிப்பும் கலந்த சொல். பெயருக்கு முன்னும் வரும், பின்னும் வரும்.

அரசு அலுவல், கணக்கு, நில நிர்வாகம் ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு இது பட்டமாக நிலைத்தது அடுத்த கட்டம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) காலத்தில் அது முழுக்கப் பட்டமாகிவிட்டது. வீட்டோடு பரம்பரையாகப் போகும் குடும்பப் பெயராக ஆனது அதற்கும் பிறகு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் ஆகவில்லை.

நாஞ்சில்கரை:

இந்தியப் பக்கத்தை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் கொழும்பில் உள்ள பல பிள்ளைகள் தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில், கொல்லம் வழியாக வந்தவர்கள்.

தமிழ்நாட்டில் சைவ வேளாளர், கார்காத்தார், நாஞ்சில் நாட்டு வேளாளர் முதலியோருக்குப் பிள்ளை பட்டம். இசை வேளாளருக்கும் அதே பட்டம். நாதசுரம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நட்டுவாங்கம் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெயர்களைப் பாருங்கள். கேரளத்தில், குறிப்பாகப் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில், நாயர்களிடையே பிள்ளை உண்டு. மார்த்தாண்ட வர்மா அடக்கிய 'எட்டுவீட்டில் பிள்ளைமார்' அந்த வகை. எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை (1912–1999) பெயரும் அந்த வழிதான். தமிழ் வேளாளப் பிள்ளைக்கும் மலையாள நாயர்ப் பிள்ளைக்கும் பட்டம் ஒன்று, குலம் வேறு. கன்னியாகுமரிப் பக்கத்து முஸ்லிம்களிடம் மீரான்பிள்ளை என்ற பெயர் சாதாரணம். கிறித்தவர்களில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. இவ்வளவு பேரையும் ஒரு சொல்லை வைத்து ஒரு குலத்தில் அடைக்கவே முடியாது.

வம்சாவளி தேடுபவர் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது: நாயர் குடும்பங்களில் மருமக்கதாயம் என்ற தாய்வழி உரிமை முறை நடந்த காலத்தில் தறவாடு, அதாவது கூட்டுக் குடும்ப வீடு, தாய்வழி. தகப்பன் பிள்ளை என்றால் மகனும் அதே வீட்டுப் பிள்ளை என்று கொள்ள முடியாது, மாமன் வீட்டைப் பார்க்க வேண்டும். பெண்களுக்குப் பழைய பதிவுகளில் பிள்ளை வராது, 'அம்மா' என்று வரும். தமிழ்நாட்டில் 'அம்மாள்'. ஒரு பெண்ணின் பெயருக்குப் பின் தனிச்சொல்லாகப் பிள்ளை நின்றால் அது பெரும்பாலும் தகப்பன் பட்டத்தையோ கணவன் பட்டத்தையோ குடும்பப் பெயராக மாற்றிக்கொண்ட பிற்காலத்துப் பதிவு.

யாழ்வெள்ளவத்தை:

யாழ்ப்பாணக் கணக்கு முற்றிலும் வேறை. எங்கட பக்கத்திலை பிள்ளை பட்டமும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. ஆளின்ரை சொந்தப் பெயரின்ரை பாதி. வேலுப்பிள்ளை, கந்தப்பிள்ளை, தம்பிப்பிள்ளை எண்டு பெயர் வைக்கேக்கையே ஒட்டித்தான் வைக்கிறது. பிரிச்சு எழுதினால் பெயர் உடைஞ்சு போகும்.

இதுக்கு நல்ல சாட்சி பெண்கள் பெயர். பொன்னுப்பிள்ளை, சின்னப்பிள்ளை, அன்னப்பிள்ளை, வள்ளிப்பிள்ளை எல்லாம் எங்கட பாட்டிமார் தலைமுறையிலை சாதாரணமான பெண் பெயர்கள். பட்டமாக இருந்தால் ஆம்பிளையளோடை நிண்டிருக்கும். இண்டைக்கும் ஒரு சின்னப் பெட்டையை "இஞ்ச வா பிள்ளை" எண்டுதான் கூப்பிடுறம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின்ரை முதல் பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். ரெண்டு பேரும் யாழ்ப்பாணம். ரெண்டு பெயரிலையும் பிள்ளை இருக்கெண்டு அவையளை ஒரே குடும்பம் எண்டு சொன்னால் எப்பிடி இருக்கும்? தெரியாத ஆக்கள் வெளிநாட்டு நூலக அட்டவணையிலை "பிள்ளை, தாமோதரம்" எண்டு பிரிச்சுப் போடுவினம். பிழை. அவர் 'தா' வரிசையிலை வரவேணும்.

இன்னொண்டு: இந்தப் பிள்ளை ரெண்டு தலைமுறைதான் ஓடும். தகப்பன் கந்தப்பிள்ளை, மகன் க. இராசரத்தினம், பேரன் இ. சிவகுமார். தகப்பனிலை முழுப் பெயர், மகனிலை ஒரு முதலெழுத்து, பேரனிலை தடமே இல்லை. அதாலை யாழ்ப்பாண வழியிலை "நாங்கள் பிள்ளை குடும்பம்" எண்டு ஆராவது சொன்னால் வெளிநாட்டுப் படிவம் ஒண்டு ஒரு பாட்டனாரின்ரை பெயரைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு எண்டுதான் நான் விளங்கிக்கொள்ளுவன்.

தோம்புவாசகர்:

யாழ்வெள்ளவத்தை சொன்னது முக்கியம். பெயருக்குள் ஒட்டிய பிள்ளை, பெயருக்குப் பின் நிற்கும் பட்டப் பிள்ளை, இரண்டும் வேறு. மூன்றாவது வகை ஒன்று உண்டு, அது கொழும்பிலும் மேற்குக் கரையிலும்தான் தெளிவாகத் தெரியும்: புள்ளே.

பெர்னாண்டோபுள்ளே, குரூஸ்புள்ளே, ரொட்ரிகோபுள்ளே. கொழும்புச் செட்டிகளிடமும் நீர்கொழும்பு, சிலாபம் கரையோரக் கத்தோலிக்கரிடமும் இருப்பவை. 2008இல் கொல்லப்பட்ட அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே பெயரால் நாடு முழுக்க அறிந்த வடிவம். ஞானஸ்நானத்தில் வந்த போர்த்துக்கேயப் பெயர் முன்னே, பழைய தமிழ் மதிப்புச் சொல் பின்னே, இரண்டும் இறுகி ஒரே குடும்பப் பெயர். இது தகப்பன், மகன், பேரன் என்று மாறாமல் போகும். ஐரோப்பியர் பதிவேட்டில் குடும்பப் பெயர் எழுதும் பழக்கம் இருந்ததால் அங்கே உறைந்து நின்றுவிட்டது.

'பி' ஏன் 'பு' ஆனது என்று பலர் கேட்பதுண்டு. யாரோ வெள்ளைக்காரன் பிழையாக எழுதியது என்பார்கள். அது சரியல்ல. தமிழ்ப் பேச்சில் ப, வ போன்ற இதழொலிக்கும் ட, ண, ள போன்ற நாவளை ஒலிக்கும் நடுவே வரும் இகரம் உகரமாக வளையும். பிடி புடி ஆகிறது, வீடு வூடு ஆகிறது, பிள்ளை புள்ள ஆகிறது. பெண் பொண்ணு ஆவதும் அதன் உறவுதான். எழுத்தர் காதில் விழுந்ததை அப்படியே எழுதினார். ஏட்டு வடிவம் பிள்ளை, வாய் வடிவம் புள்ளே. ஆகவே புள்ளே என்றால் தாழ்ந்த வடிவம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தேயிலைக்கணக்கு:

மலையகத் தரப்பிலிருந்து ஒரு எச்சரிக்கை. தோட்டத்துப் பழைய காகிதங்கள்ல 'கணக்கப்பிள்ளை'ன்னு வந்தா அது பேர் இல்லைங்க, உத்தியோகம். கங்காணிக்கு மேல நின்னு பேர் போட்டு வேலை கணக்கு பாக்கிற ஆளு. தோட்டத்துல 'கே.பி.'ன்னு சொன்னா இவர்தான். கொழும்பு செட்டியார் தெரு வியாபாரத்துலயும் கணக்கப்பிள்ளை உண்டு. ஆங்கிலேயர் காலத்துக் காகிதங்கள்ல 'கனிகாப்பொலி'ன்னு வருதே, அதுவும் இந்தச் சொல்தான்.

என்ன குழப்பம் வரும்னா, தகப்பன் தொழில் கட்டத்துல இருக்கிற கணக்கப்பிள்ளையை மொழிபெயர்க்கிறவங்க பேரோட சேத்துடுறாங்க. 'ராமசாமி, கணக்கப்பிள்ளை'ன்னு இருந்தது 'ராமசாமி பிள்ளை' ஆகிடும். பேரன் காலத்துல அது குடும்பப் பேரா நிக்கும். பத்திரத்தை வாசிக்கும்போது எந்தக் கட்டத்துல இருக்கு, கமா இருக்கா, பக்கத்துப் பதிவுல அதே ஆளு எப்படி வந்திருக்காருன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கொட்டாஞ்சேனை13:

எல்லோருக்கும் நன்றி. தென்னாப்பிரிக்காவிலும் மொரிசியசிலும் ஆங்கிலத்தில் 'ஏ, வை' எழுத்துகளில் முடியும் பிள்ளைகள் நிறைய. அது ஏன்?

நாஞ்சில்கரை:

ஒப்பந்தக் கூலிப் பதிவேடு. மொரிசியசுக்கு 1834 முதல், நேட்டாலுக்கு 1860 முதல் ஆட்களைக் கொண்டுபோனார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. பதிவேட்டில் இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் என்று தனித்தனிக் கட்டங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு குடும்பப் பெயர் வேண்டியிருந்தது, பெயரின் கடைசிச் சொல் அதுவாகிவிட்டது. 'ஏ, வை' முடிவு அங்கே நிலைத்தது, 'ஏ, ஐ' முடிவு இந்தியாவிலும் மலேசியாவிலும் பரவலாக நின்றது. ஐ.நா. மனித உரிமை ஆணையாளராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளை டர்பனில் பிறந்தவர், அவர் எழுதுவது 'வை' முடிவுதான். ஆனால் முடிவை மட்டும் வைத்து நாட்டை உறுதியாகச் சொல்ல வேண்டாம். சிங்கப்பூர் விமான நிறுவனத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த ஜே.ஒய். பிள்ளையும் 'வை' முடிவுதான், அவர் மலாயாவில் பிறந்தவர்.

அங்கே உறவு தேடுபவர்கள் பெயரை விட்டுவிட்டு ஊர், மாவட்டக் கட்டங்களைப் பிடியுங்கள். பிள்ளை என்ற பெயரை மட்டும் கொண்டு தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும், ஒன்றும் தேறாது.

பத்திரமொழி:

ஆவணப் பக்கம் நான் எழுதுகிறேன். கொழும்பில் அலைச்சல் எல்லாம் இங்கேதான்.

பிறப்புப் பதிவு சிங்களத்தில் இருந்தால் பிள்ளை மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் ஒலியை மட்டும் பின்பற்றினால் 'பில்லெயி', 'பில்லே' போன்ற வடிவங்கள் பிறக்கும். ஆகவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பத்திரத்தைக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எழுதிக் கொடுங்கள். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு கேட்டால் மறுபடி முழுப் பத்திரமும் செய்ய வேண்டும்.

'ப்' இரட்டிப்பு அடுத்த தொல்லை. தமிழில் வேலுப்பிள்ளை. ஆங்கிலத்தில் சிலர் ஒரு 'பி', சிலர் இரண்டு 'பி'. தகப்பன் பத்திரத்தில் ஒன்று, பிள்ளைகள் பத்திரத்தில் இரண்டு என்றால் வெளிநாட்டு அதிகாரி இரண்டு ஆட்கள் என்று எடுப்பார். உங்கள் வீட்டில் எது பழையதோ அதைக் கடைப்பிடியுங்கள். முரண் ஏற்கெனவே இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் இரண்டு வடிவமும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கூற்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது திருத்தம் ஆகாது, விளக்கம் மட்டுமே. சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது.

திருத்தம் வேண்டுமென்றால் ஒழுங்கு முக்கியம். முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடுத்தது அடையாள அட்டை, அதன் பிறகு கடவுச்சீட்டு, கடைசியில் வங்கி. ஒவ்வொன்றும் முந்தியதைப் பார்த்துத்தான் எழுதப்படும். அவசரத்தில் கடவுச்சீட்டை முதலில் மாற்ற முயல்பவர்களைத் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான். பிறப்புப் பதிவு 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. எழுத்துப் பிழையைச் சரிசெய்வதும் பெயரை மாற்றுவதும் அதில் வெவ்வேறு விண்ணப்பங்கள். 'பில்லே'யைப் 'பிள்ளை' ஆக்குவது பிழைத் திருத்தம். பிள்ளையைச் சேர்ப்பதும் நீக்குவதும் பெயர் மாற்றம். படிவம் மாறினால் காலம் வீணாகும், ஆகவே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் முதலில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் போன்ற பழைய சான்றுகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனிக் குடும்பப் பெயர்க் கட்டம். பெயர் வேலுப்பிள்ளை என்று ஒட்டிய பெயரானால் பிரிக்கவே கூடாது. பிரித்தால் கணினி 'பிள்ளை'யைக் குடும்பப் பெயராகவும் 'வேலு'வை ஆள் பெயராகவும் எடுக்கும், வேலுப்பிள்ளை என்ற ஆள் ஆவணத்தில் காணாமல் போவார். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் ஒவ்வொன்றும் 44 எழுத்திடம். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பது 39 மட்டும். முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு மற்றப் பெயர்கள். நீண்ட தமிழ்ப் பெயர்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். விமானச் சீட்டு எடுக்கும்போது அந்த வரியைப் பார்த்து எழுதுங்கள்.

கட்டத்தை வெறுமையாக விடுவதும் சிக்கல். அமெரிக்க விசாவில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, ஆள் பெயர் இல்லை என்பதற்கு 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்தை அச்சிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுகளுக்கு வருகை விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே புதிதாகப் பிறக்கும் குழந்தைக்குப் பதியும்போதே தகப்பன் பெயரும் குழந்தை பெயருமாக இரண்டு பகுதி இருக்கட்டும். பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது, அதற்குள் எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்துவிடுங்கள்.

முதலெழுத்து:

பிள்ளையை ஏன் இன்னும் தூக்கிச் சுமக்க வேண்டும்? 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடத் தீர்மானம் போட்டார்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயத்தை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தபோது வத்திக்கானே பிள்ளையை விட்டுவிட்டுத் தேவசகாயம் என்றுதான் அழைத்தது. பட்டமாகப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு மனிதனின் பெயர் அவன் எந்தக் குலம் என்று முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

யாழ்வெள்ளவத்தை:

பட்டப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லுறது சரி. வள்ளிப்பிள்ளைக்கு அது பொருந்தாது. அவவின்ரை பெயரிலை இருந்து பிள்ளையை எடுத்தால் வேறை ஆளின்ரை பெயர்தான் மிஞ்சும்.

முதலெழுத்து:

ஒட்டிய பெயரைப் பற்றி நான் சொல்லவில்லை அண்ணே. பட்டமாக வந்ததைத் தனியாகப் பிரித்துக் குடும்பப் பெயராக்கிப் பெருமை பேசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

தோம்புவாசகர்:

இந்தப் பட்டநீக்கத்தால் ஆய்வாளருக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர் அக்காலப் பதிவுகளில் சிதம்பரம் பிள்ளை. இன்றைய நூல்களில் வ.உ.சிதம்பரனார். மனோன்மணீயம் எழுதியவர் சுந்தரம் பிள்ளை, திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தின் பெயரில் சுந்தரனார். பழைய பத்திரிகையில் '-னார்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, புதிய அட்டவணையில் 'பிள்ளை' என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

கொழும்பில் குடும்பம் தேடுபவருக்கு: இன்றைய பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒருபோதும் நடுவே ஒரு புகழ்பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்காதீர்கள். நம் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரோடு, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுதும் கட்டம் உண்டு. தகப்பன் இலங்கையில் பிறக்காதவரென்றால் பூட்டன் பற்றிய கட்டமும் உண்டு. 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்த இந்தக் கட்டங்கள் குடியுரிமைக்காக வந்தவை, ஆனால் ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே பிள்ளை ஒட்டி எழுதப்பட்டிருக்கிறதா, விட்டு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் இந்தியப் பட்டம் என்று சந்தேகிக்கலாம், ஆனால் அந்த எழுத்தர் அதே பக்கத்தில் மற்றப் பெயர்களை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்ட பிறகுதான்.

அதற்கும் பின்னே போனால் 1867 பிறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முந்திய காலம் வரும். அங்கே கோயில், தேவாலய ஏடுகள்தான் துணை. கிறித்தவக் குடும்பமானால் ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைத் தோம்புகளில் (பதிவேடுகளில்) ஞானஸ்நானமும் திருமணமும் பதிந்திருக்கும். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். ஒல்லாந்த எழுத்து வாசிப்பது கடினம், பெயர்களும் புள்ளே, புல்லே, பிள்ளே என்று மாறிமாறி வரும். ஊர்ப் பெயரை வைத்துத் தொடருங்கள், பெயரின் முடிவை வைத்து அல்ல.

கொட்டாஞ்சேனை13:

கடைசியாக ஒன்று, பத்திரமொழி ஐயா. பெர்னாண்டோபுள்ளே போன்ற பெயரை நடுவில் சிறு கோடு போட்டு எழுதினால்?

பத்திரமொழி:

பிறப்புப் பத்திரத்தில் கோடு இருந்தால் மட்டும் போடுங்கள். இயந்திர வரியில் கோடு வராது, அந்த இடத்தில் ஒற்றை அம்புக்குறி விழும், பெயர் இரண்டு சொல்லாக வாசிக்கப்படும். ஒரு பிள்ளையின் கடவுச்சீட்டில் கோடும் மற்றப் பிள்ளையினதில் ஒட்டியும் இருந்தால் சகோதரர் என்று காட்டப் பிறகு மறுபடி சத்தியக் கூற்றுக்கு ஓட வேண்டிவரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே வடிவமாக, சேர்த்தே எழுதுங்கள்.